பெரியவர்கள் மட்டும்

தார்த்து நகரம், நான்காம் மாடி,
மின்தூக்கி இல்லாத கட்டடம்.
அழைப்பு மணிக்குக் கை போகும் முன்பே
எனக்கு மூச்சு வாங்கியது.
இரண்டு வாரச் செலவேட்டை வாங்கிப்போக வந்திருக்கிறேன்.
ஒரு பிள்ளையை வளர்க்க இப்போது என்ன ஆகிறது,
முன்பு என்ன ஆயிற்று என்று
புள்ளியியல் அலுவலகத்துக்குத் தெரிய வேண்டும்.

பிள்ளையின் செலவைப் பிள்ளையிடம் தேடாதே:
எங்கள் தொழிலில் முதலில் சொல்லித்தருவது இது.
வாடகையில் உக்குவின் பங்கு எவ்வளவு?
சூப்புப் பானையில் அவன் கரண்டி எது?
சுவரோரக் குழாயில் வெந்நீர்
யாருக்காகச் சுற்றிவருகிறது?
பிரிக்க வராது.
அதனால் பெரியவர்கள் மட்டும் வாங்குவதைப் பார்ப்போம்,
பீர், சிகரெட், ஆண் சட்டை, பெண் காலணி.
அவன் பிறந்தபின் அவை எவ்வளவு சுருங்கினவோ
அதைப் பழையபடி நிரப்ப
எவ்வளவு சம்பளம் கூட வேண்டுமோ
அதுதான் அவன்.

கெர்லி ஏட்டைத் தரவில்லை, கையிலேயே வைத்திருந்தாள்.
"ஐவார் சிகரெட்டை விட்டது காசில்லாமல் இல்லை.
பையன் விடிய விடிய இருமினான் ஒரு நாள்.
பால்கனியிலிருந்து பெட்டியோடு எறிந்தார்.
அதையும் இவன் தலையில் எழுதுவீர்களா?"

எழுதுவோம்.
ஏன் நின்றது என்று கேட்க
படிவத்தில் கட்டம் கிடையாது.

நடையில் தள்ளுவண்டி. உள்ளே தங்கச்சி, ஆறு மாதம், தூக்கம்.
உக்குவுக்கு வாங்கியதைப்போல் இருமடங்கு கொடுத்தாளாம்.
இதில் ஸ்பிரிங் இருக்கிறது, பிரேக் இருக்கிறது,
எங்கள் கணக்கில் பாதிதான் விலையேற்றம், மீதி தரம் என்றேன்.
"சரி, ஸ்பிரிங் இல்லாததை எங்கே விற்கிறார்கள்?"
எங்கேயும் இல்லை.
எங்கள் அட்டவணையில் மட்டும்
அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது,
பழைய விலையில், பிரேக் பிடிக்காமல்.

மேசைக்கடியிலிருந்து உக்கு கேட்டான்,
நான் எவ்வளவு?
வீட்டின் முதல் பெரியவர் ஒன்று,
அடுத்தவர் அரை,
நீ பத்தில் மூன்று.
பாப்பா?
அவளும் பத்தில் மூன்று.
பல்லே இல்லையே அவளுக்கு!
உனக்குப் பதினான்கு முடியட்டும், அரை ஆகிவிடுவாய் என்றேன்.
அவன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினான்.
இன்னும் ஆறு வருடம்.

டிராமும் இல்லாத ஊர். பேருந்து வர இருபது நிமிடம்.
நிறுத்தத்துக் கண்ணாடிக் கூண்டில் ஏட்டைப் புரட்டினேன்.
பால், டயாப்பர், பனிக்காலணி (மறுபடியும் ஒரு அளவு பெரிது),
நூலக அபராதம் நாற்பது சென்ட்.
பதினோராம் நாள், கெர்லியின் கையெழுத்துக்குக் கீழே
பென்சிலில், சாய்ந்து சாய்ந்து:
அம்மாவுக்குக் கடன். இரண்டு யூரோ. இன்னும் வரவில்லை.

இதற்குக் குறியீடு இல்லை.
அலுவலகத்தில் ஹெல்யு ஏட்டை வாங்கியதும்
பென்சில் வரிகளை ரப்பரால் துடைப்பாள். விதி அப்படி.
விரல்கள் விறைத்திருந்தன.
கையுறையைக் கழற்றி
அவன் எழுத்தின் மேலேயே
பேனாவை ஓட்டினேன்.