எறிகூலி

எந்தத் தலைப்பில் எழுதுவதென்று தெரியாமல்
முதல் மாதம் 'சில்லறைச் செலவு' என்றேன்.
முதலாளி பார்த்துவிட்டு
ஆளைச் சில்லறையாக்காதேயும் என்றார்.
அப்புறந்தான் பேரேட்டில் ஒரு பக்கம் திறந்தது:
பந்து எறிகூலி. வெள்ளைக்கண்ணு, பள்ளத்தூர்.
மாதம் பன்னிரண்டு ரூபாய்.
விக்கெட்டுக்கு எட்டணா.

கோட்டையூர் கிளப்பில் மற்ற பத்துப் பேரும்
காசு வாங்காதவர்கள்:
வக்கீல் குமாஸ்தா, டிரில் வாத்தியார்,
ரங்கோன் கடையிலிருந்து வந்த முதலாளி மருமகன்.
அவர்களுக்குத் தேநீர் பந்தலுக்குள்,
இவனுக்குப் பந்தல்கால் ஓரம்.
'கூலிக்காரன்தானே' என்று ஒருவர் சொன்னது
எனக்கே கேட்டது.
அன்று சாயங்காலப் பயிற்சியில்
அவர் கட்டைவிரல் வீங்கியது.
வைத்தியச் செலவு நாலணா.
அதையும் நான்தான் எழுதினேன்.

செம்புராங்கல் பொட்டலில் தேங்காய்நார்ப் பாய்.
ஓடிவந்து கை சுழன்றால்
பாயில் ஒரு புழுதிப் பொட்டு,
பிறகு ஸ்டம்பு சாயும் சத்தம்.
நடுவில் நடந்ததை நான் பார்த்ததே இல்லை.

முதல் வருஷம் நாற்பத்தொன்று: இருபதரை ரூபாய்.
அடுத்த வருஷம் அறுபத்து மூன்று: முப்பத்தொன்றரை.
தேவகோட்டைக்காரர்கள் மாதம் இருபது என்றார்கள்.
போனான். மூன்று மாதம் பக்கம் வெறுமை.
திரும்பி வந்து
"அங்க ஏட்டுல எழுதுறதில்ல,
கையில குடுத்துர்றாக" என்றான்.

மூன்றாம் வருஷம்
தோளுக்கு நல்லெண்ணெய், கால் ரூபாய்.
வர்மக்காரர், இரண்டு ரூபாய்.
விக்கெட் ஒன்பது.

கடைசியாகப் புதுக்கோட்டையோடு.
நடு ஸ்டம்பு மல்லாந்து கிடக்கிறது,
நடுவர் கையை நீட்டிவிட்டார்.
முழங்கை மடங்கியதாம்.
வீசவில்லையாம், எறிந்தானாம்.
நோ பால்.

மூன்று வருஷமாகப் பக்கத்தின் உச்சியில்
எறிகூலி என்றே எழுதியிருந்தவன் நான்.

மறுவாரம் கணக்கை முடிக்கச் சொன்னார்கள்.
எல்லாம் நேரானது, அந்த எட்டணா தவிர.

பிறகு அரிசி ஆலையில் மூட்டை தூக்கினான்,
இடது தோளில்.
வழியில் பார்த்தால் ஒரே கேள்வி:
"அந்த எட்டணா என்னாச்சு, கணக்குப்பிள்ளை?"
அணா செத்து ஐம்பது காசானது.
ஒருமுறை மடியிலிருந்து எடுத்து நீட்டினேன்.
என் விரல்களை அவனே மூடிவிட்டான்.
"ஒங்க காசு எனக்கெதுக்கு? ஏட்டுல ஏத்துங்க."

கிளப் இல்லை. முதலாளி இல்லை.
பேரேடு என் வீட்டுப் பரணில்.
நேற்றிரவு இறக்கி
விக்கெட் ஒன்று என்று எழுதினேன்.
தலைப்பில் 'எறி'யை அடித்து
'வீச்சு' என்றும் திருத்தினேன்.
மற்றதெல்லாம் கருப்பு மசி,
இது பால்பாயிண்ட் நீலம்.
தணிக்கைக்காரன் எவனாவது வந்தால்
உடனே கண்டுபிடித்துவிடுவான்.