நீர்க்கோடு

ஷியர்னெஸ் அருங்காட்சியகத்தின் பின்னறையில்
மூன்று வாரமாய் என் மேசைமேல் ஒரு போர்க்கப்பல்.
நான்கடி நீளம். பதிவேட்டில் ஒரே வரி:
1871, நன்கொடை. கொடுத்தவர் பெயரில் மை ஊறிவிட்டது.

பீரங்கிக் கண்கள் இடப்பக்கம் பதின்மூன்று,
வலப்பக்கம் பன்னிரண்டு.
ஹெஸ்டரையும் எண்ணச் சொன்னேன்.
பன்னிரண்டுதான்.

கடற்படை வரைபடங்களைப் புரட்டினோம்.
இதே உடலோடு ஒரு கப்பல் இருந்தது, தாளில்.
அடிக்கட்டை வைத்த நாற்பதாம் நாள்
கட்டுப்படியாகாது என்று கைவிட்டார்கள்.
மரத்தை ஏலமெடுத்தவனுக்குப் பன்றிப் பண்ணை.

மாதிரி உண்டு, மூலம் இல்லை
என்று எழுதி முடித்திருப்பேன்.
செம்புத் தகடு ஒன்று சற்றே தூக்கியிருந்தது.
ஊசியால் சுரண்ட, பச்சையாய் ஏதோ.
களிம்பு என்றேன்.
ஹெஸ்டர் நுண்ணோக்கியிலிருந்து முகம் எடுக்காமல்
"பாசி" என்றாள். "குளத்துப் பாசி."

யாரோ இதைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து தூக்கிப்போய்
தண்ணீரில் விட்டிருக்கிறார்கள்.
வலப்பக்கம் சாய்ந்து நீர் குடித்திருக்கும்;
பயந்துபோய் ஒரு கண்ணை மெழுகால் அடைத்து
மேலே கறுப்பு பூசியிருக்கிறார்கள்,
பொட்டு வைத்ததுபோல, கொஞ்சம் வழிய.

செய்தவர் கட்டம் இன்னும் காலி.
அதன் ஓரத்தில் எழுதினேன்: மிதந்தது.
ஆதாரம் போதுமா என்றாள் ஹெஸ்டர்.
பென்சில்தானே.