ஆறு விநாடி

வி.கோட்டாவிலிருந்து மலை இறங்குகிற தக்காளி லாரிக்கு
பேரணாம்பட்டில் முதல் எடைமேடை எங்களுடையது.
முதல் லாரி வர இரவு ஒரு மணி ஆகும்.
அதுவரை சண்டை.

இருபது முகப் பகடை இந்த ஊரில் எந்தக் கடையிலும் இல்லை.
தம்போலா டப்பாவில் ஒன்று முதல் இருபது வரை
வில்லைகளைப் பொறுக்கி
ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டேன்.
குலுக்கு, கண்ணை மூடு, ஒன்றை எடு,
எடுத்ததைத் திரும்பப் போடு.
நயீமுர் ஒரு வாரம்
ஒன்றாம் எண்ணை உள்ளங்கையில் ஒளித்து வைத்து
யாருக்குமே ஒன்று விழாமல் பார்த்துக்கொண்டான்.
அவனுக்கு மட்டுமில்லை. யாருக்குமே.

முதலில் யார் கை ஓங்குவது?
அதற்கும் ஒரு வில்லை. பெரிய எண் முன்னால்.
பூதமே ஆனாலும் தன் முறை வரும்வரை நிற்க வேண்டும்.
(பத்தலப்பல்லி செக்போஸ்ட்டில்
இப்படி யாரும் நின்று நான் பார்த்ததில்லை.)

எடைச்சீட்டின் முன்பக்கம்
மொத்த எடை, காலி எடை, சரக்கு.
பின்பக்கம் பென்சிலில், மிச்ச உயிர்.
முனிரத்தினத்துக்குப் பதினொன்று.
வெட்டு விழுந்தால் நாலைக் கழி, அழி, எழுது.
கவசம் என்றால் தாண்ட வேண்டிய எண், அவ்வளவுதான்.
பதினாலு வந்தால் வாள் உள்ளே போகும்.
பதிமூன்று வந்தால் தகரத்தில் பட்ட சத்தம்.
அந்தச் சத்தத்தை நான் வாயால் போடுவேன்.

ஒரு சுற்று ஆறு விநாடி என்றேன்.
"இன்னா பில்லு மேடம், டீ குடிச்சே முக்கா மணி ஆச்சே."
ஆச்சுதான்.
முனிரத்தினம் வில்லுக்கா கத்திக்கா என்று யோசித்தான்,
நயீமுர் அவனைத் திட்டினான்,
நடுவில் ஒரு கரும்பு டிராக்டரை எடை போட்டு அனுப்பினேன்.
குகைக்குள் எல்லாம் சேர்த்து ஆறு விநாடி.

கோதண்டம் மட்டும் எப்போதும்
"நான் நிக்கிறேன்" என்பான்.
பத்துச் சக்கர வண்டி ஓட்டுகிறவன்.
நிற்பதற்கும் விதி உண்டு என்றேன்.
இது நடந்தால் இதைச் செய்வேன் என்று
முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.
நடக்காவிட்டால் உன் முறை போச்சு.

யோசித்தான். இரண்டு டீ ஆறியது.
"அது என் பக்கம் திரும்பினா
தீப்பந்தத்த அணைச்சிருவேன்."

"அணைச்சா உனக்கும் ஒண்ணும் தெரியாதேடா!" நயீமுர்.
"தெரியத் தேவல."

முனிரத்தினம் எனக்குப் பிறகு சொன்னான்.
போன தை மாசம், எட்டாவது வளைவு,
குட்டியோடு நின்ற யானைக்கு
கோதண்டம் விளக்கை ஏற்றிப் போட்டிருக்கிறான்.
சக்கரத்துக்குக் கல் வைக்க
க்ளீனர் பையன் கீழே இறங்கியிருந்தான்.
அவன் இப்போது பலமநேரில்
உட்கார்ந்த இடத்திலேயே டியூபுக்கு ஒட்டுப் போடுகிறான்.
எத்தனை விநாடி என்று நான் கேட்கவில்லை.

ஆனால் இந்த ராத்திரி அது எனக்குத் தெரியாது.
குகை மிருகத்தின் முறை.
பத்துக்கு மேல் வந்தால் திரும்பும் என்று
மனதில் வைத்துக்கொண்டு
பாட்டிலில் கைவிட்டேன்.
என் வில்லையை நான் மட்டும்தான் பார்ப்பேன். அதுவும் விதி.
பதினெட்டு.

கோதண்டத்தின் விரல் மேசைமேல்
ஏதோ சுவிட்சின் மேல் இருப்பதுபோல் இருந்தது.

"மோப்பம் பிடிச்சுது," என்றேன்.
"மூங்கில் பக்கமாப் போயிடுச்சு."

"வீணாப் போச்சு உன் முறை," நயீமுர்.
"போவட்டும்," என்றான் கோதண்டம்.
அவன் பல் இத்தனை வெள்ளை என்று அன்றுதான் பார்த்தேன்.
"பந்தம் எரியுதுதானே மேடம்?"
"எரியுது."
"அடுத்தது யாரு?"

ஹாரன். ஒன்று பத்து.
மேடை நடுங்கி எண் ஓடி நின்றது:
பதினாறாயிரத்து இருநூற்று நாற்பது.
அவசரத்தில் கைக்கு வந்த சீட்டில் அடித்துக் கிழித்துக் கொடுத்தேன்.
லாரி பாலம் தாண்டிய பிறகுதான் தேடினேன்.
அதன் பின்பக்கம் பென்சிலில்
கோதண்டம், ஒன்பது
என்று இருந்தது.