அளவு நோட்டு

குமாரசாமிப்பட்டி ஆயுதப்படை மைதானத்துக்கு எதிரே
என் மெஷின்.
அர்த்தநாரி முதலில் வந்தபோது
மார்பு முப்பத்தாறு, இடுப்பு இருபத்தெட்டு,
தோளுக்கு இரண்டு நட்சத்திரம்.
"கொஞ்சம் லூசாவே வைங்க" என்றார்,
வளர்கிற பிள்ளைக்குப் பள்ளிச் சட்டை எடுக்கிற மாதிரி.

வளர்ந்தார்.
ஆத்தூரில் முப்பது, சங்ககிரியில் முப்பத்திரண்டு.
ஏற்காட்டில் இருந்தபோதுதான்
அந்தச் சட்டை மலையிறங்கி வந்தது,
ஜீப் டிரைவர் கையில், காபிக்கொட்டைக் கோணியில் சுருட்டி.
இரண்டாவது, மூன்றாவது பொத்தான் இல்லை.
"கதவுல மாட்டிக்கிச்சாம்."

கதவு துணியைப் பக்கவாட்டில் இழுக்கும்.
கீழ்நோக்கி இழுப்பது கை,
அதுவும் முழங்காலிட்டவன் கை.
அன்றைய பேப்பரில் நாலு வரி:
நாகலூர் தீர்த்தன், சந்தனக்கட்டை வழக்கு,
தப்பி ஓடுகையில் ஒன்பதாவது வளைவில் தவறி விழுந்து.
பேப்பரை மடித்து
மெஷினுக்கு அடியில், எண்ணெய் சொட்டும் இடத்தில் வைத்தேன்.
பொத்தான் தைத்தேன். இரட்டை நூல்.

பிறகு மூன்று நட்சத்திரம். பிறகு ரிப்பன் போனது.
பிறகு சிங்கம்.
நான்கில் மூன்றுதான் தெரியும்;
ஒன்று எப்போதும் துணியைப் பார்த்தபடி.

மணிலாவுக்குப் பயிற்சிக்குப் போய் வந்தார்.
எங்களுக்கு மணிலா என்றால் நிலக்கடலை;
சொன்னேன், சிரித்தார்.
அங்கத்திய போலீஸ் தலைவர் பரிசளித்த சட்டை,
அன்னாசி நாரில் நெய்தது,
தோளைப் பிடித்துத் தரச் சொன்னார்.
தூக்கிப் பிடித்தேன்:
அதன் வழியே தெரிந்தது
எதிர்த்த தட்டுவடை செட் வண்டி, மிளகாய்ச் சட்னி நிறம் உட்பட.
"உள்ள எதையும் ஒளிக்க முடியாதாம்.
அந்தாளும் கான்ஸ்டபிளா ஆரம்பிச்சு,
மலைக்காட்டுல வேலை பார்த்து..."
மேலே சொல்லவில்லை.
சட்டையை வாங்கிப் போக ஏழு மாதம் ஆனது.

போன மாதக் கடைசியில் ஓய்வு.
பேண்டு வாத்தியம் அடங்கியதும் நேரே வந்தார்,
ஒரு வெள்ளைச் சட்டைக்கு.
மார்பு நாற்பத்திரண்டு.
இடது தோள் அரை அங்குலம் இறங்கியிருந்தது.
பழைய அளவைத் தேடிப் புரட்டுகையில்
அவரும் குனிந்தார்.
பொத்தான் இரண்டு. கூலி இரண்டு ரூபாய். தேதி.
விரல் அங்கே நின்றது.

"நல்லாத் தைச்சிருந்தீங்க" என்றார்.
"கடைசி வரைக்கும் பிரியலை."

நோட்டை மூடவும் தோன்றவில்லை.
இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு
அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.