மூன்று யென்

குஷிரோவில் பிப்ரவரி. காலை ஐந்து நாற்பது.
கதவு என்னைக் கண்டதும்
இரண்டு சுரம் பாடி விலகுகிறது.
உள்ளே கால் வைத்ததும் மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போகிறது.
பார்வை திரும்பும்வரை
வாசனையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்:
இடப்பக்கம் பொரித்த கோழி,
நேரே ஓடென் கொதிக்கும் தொட்டி,
அதில் சாற்றைக் குடித்துக் குடித்துத்
தேன் நிறமாகிவிட்ட முள்ளங்கி.

இன்னும் ஒரு மணி நேரத்தில்
ஆஸ்பத்திரிச் சமையலறையில்
இருநூற்று நாற்பது பேருக்குக் கஞ்சி கிண்டுவேன்.
உப்புக் குறைத்து,
சிலருக்கு உப்பே இல்லாமல்,
சிலருக்கு அரைத்து, சிலருக்கு வடிகட்டி.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பவர்கள்
ஒருநாள் எங்கள் ஆறாவது மாடிக்கு வரட்டும்.

ஆகையால் வெட்கப்படாமல் சொல்கிறேன்:
வேறு யாரோ சமைத்ததைத் தின்ன எனக்குப் பிடிக்கும்.
வேறு யாரோ களைந்த அரிசி.
வேறு யாரோ முள் பார்த்த சால்மன்.
ஓரம் நறுக்கிய ரொட்டிக்குள்
மெத்தென்று படுத்திருக்கும் முட்டை.
எல்லாம் இரவு இரண்டரைக்கு லாரியில் வந்திறங்கியவை.
முதுகில் தேதியோடு மணியும் அச்சாகியிருக்கும்:
இன்று, பகல் பதினொன்று.
தன் கடைசி மணி தெரிந்தும்
எப்படிப் பதறாமல் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்,
விளக்கு வெளிச்சத்தில், வரிசை கலையாமல்.

யசுஹெய் வருகிறார்.
இரவெல்லாம் முப்பத்தெட்டாம் நெடுஞ்சாலையில்
சிவப்புத் தடி ஆட்டி லாரிகளை நிறுத்தியவர்.
புருவத்தில் பனி.
அவருக்கு இது ராச்சாப்பாடு, எனக்குக் காலை.
எங்கள் கல்யாணத்துக்கு
நாளொன்றுக்குப் பன்னிரண்டு நிமிடம்.

கல்லாவில் ஹச்சியா,
ஓய்வுபெற்ற ரயில்வே குமாஸ்தா,
நடைமேடை அறிவிப்பு இன்னும் குரலைவிட்டுப் போகவில்லை:
"இங்கேயே சாப்பிடுவீர்களா, எடுத்துப்போவீர்களா?"
கேட்டாக வேண்டும், சட்டம் அப்படி.
எடுத்துப்போனால் வரி எட்டு சதவிகிதம்,
உட்கார்ந்தால் பத்து.
நூற்றைம்பது யென் சோற்றுருண்டையில்
உட்காருவதன் விலை மூன்று யென்.

"இங்கே" என்பேன் நான்.
"எடுத்துப்போகிறேன்" என்பார் அவர்.
பிறகு, சொன்ன சொல் தவறாதவராய்,
வெளியே போய்
ஜன்னலுக்கு அந்தப் பக்கம், பனியில்,
எனக்கு நேர் எதிரே நின்று சாப்பிடுவார்.
நாலு குளிர்காலமாக இப்படி.
பருவத்துக்கு முந்நூற்றறுபது யென் மிச்சம் என்று
கணக்கு வேறு காட்டுவார்.
ஏப்ரலில் அந்தக் காசுக்கு இரண்டு புட்டிங் வரும்.
காரில் வைத்துத் தின்போம்.
எட்டு சதவிகிதம்.

ஒன்று என்று எழுதிய நாடாவை நடுவில் கிழிக்க வேண்டும்,
இரண்டை வலப்பக்கம், மூன்றை இடப்பக்கம்.
அதுவரை ஒரே பொட்டலத்தில் கிடந்தாலும்
சோறும் கடற்பாசித் தாளும் தொட்டுக்கொண்டதில்லை.
நடுவே ஒரு மெல்லிய ஏடு.
அதனால்தான் முதல் கடிக்கு அந்த நொறுக்.
கண்ணாடிக்கு அப்பாலிருந்து அவருடையதும் கேட்கும்.
கேட்காது. ஆனாலும் கேட்கும்.

இன்றைக்கு மைனஸ் பத்தொன்பது.
தூக்கக் கலக்கமோ என்னவோ,
முட்டை ரொட்டியும் ஒரு கிண்ணம் முள்ளங்கியும் வாங்கி
"எடுத்துப்போகிறேன்" என்று சொல்லிவிட்டேன்.
ஹச்சியா நிமிர்ந்து பார்த்தார்.
பில் அடித்தாயிற்று.
வேறு வழியில்லை, நானும் சட்டத்துக்குட்பட்டவள்,
வெளியே போனேன்.

யசுஹெய் எதுவும் கேட்கவில்லை.
காற்று வரும் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து நின்றார்.
முள்ளங்கியைக் குச்சியால் பிளந்தேன்.
பாதிகள் சமமாக வரவில்லை;
பெரியது யாருக்கு என்பதிலேயே
பன்னிரண்டில் ஒரு நிமிடம் போயிற்று.

கதவு மறுபடி இரண்டு சுரம் பாடியது.
ஹச்சியா, மேல்கோட்டு இல்லாமல்,
உள்ளங்கையில் இரண்டு சின்னப் பொட்டலம்:
"கடுகை மறந்துவிட்டீர்கள்."
கொஞ்சம் யோசித்து,
"இதற்கு வரி கிடையாது" என்றார்.

ஐந்து ஐம்பத்திரண்டு. என் பேருந்து.
படியேறும்போதும் வாயில் அந்தத் துண்டு,
விழுங்க முடியாத சூடு.
ஓட்டுநருக்கு வணக்கம் சொல்லாமல்
தலையை மட்டும் ஆட்டினேன்.