ஒறம்பரை

வால்பாறை எஸ்டேட் ஜிப்ஸி அது.
பள்ளத்தில் உருண்டு, கூரை நசுங்கி,
வயிறு மட்டும் பிழைத்து
உக்கடத்தில் கிடந்தது.
முப்பத்தெட்டாயிரம் என்றார் ஜாபர்.
கியர்பாக்ஸும் சேர்த்துத்தானே என்றேன்.
"ரெண்டும் ஒண்ணாத்தானுங்க உருண்டுச்சு,
பிரிக்கலாமா?"

கழுவியபோது ரேடியேட்டர் மடிப்பில்
தேயிலைத் தூளும் காய்ந்த அட்டை ஒன்றும்.

பொள்ளாச்சியில், குப்புராஜ் பட்டறையில்
என் அறுபத்தெட்டு மாடல் ஃபியட்
வாய் பிளந்து காலியாக நின்றது.
பழைய எஞ்சினை ஒரு டயர் மேல் உட்கார்த்தியிருந்தார்கள்.
டிக்கியில் நாலு மூட்டை கொப்பரை ஏற்றினால்
கோவில்பாளையம் மேட்டில்
மூன்றாவது கியரையே மறந்துவிடும் எஞ்சின்.
அதற்காக நான் அழவில்லை.

இறக்கினால் சம்ப் கீழே இடித்தது.
ஏற்றினால் ஏர் ஃபில்டர் பானெட்டை இடித்தது.
அரை அங்குலம்.
மூன்று வாரம்
அந்த அரை அங்குலத்துக்குள் குடியிருந்தோம்.
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
குப்புராஜின் மனைவி சாவித்திரிதான் சொன்னாள்:
"ஒறம்பரைக்கு எடம் பத்தலீன்னா
கட்டலத்தான் நகத்தோணும்.
ஒறம்பரையவா வெட்டுவீங்க?"

கியர் கம்பி வெளியே வர
தரையில் ஓட்டை போட வேண்டும்.
கட்டிங் வீல் தகரத்தைத் தொட்டபோது
நான் டீ வாங்கப் போய்விட்டேன்.

முன்பாதி அதனுடையது, பின்பாதி என்னுடையது,
நடுவில் சாவித்திரியின் பற்றுத் தழும்பு:
அதுதான் இப்போது புரொப்பெல்லர் ஷாஃப்ட்.

இரண்டாவது சாவிக்குப் பிடித்துக்கொண்டது.
பானெட் மேல் வைத்த டம்ளரில்
டீ நடுங்கவேயில்லை.
எனக்குக் கை நடுங்கியது.

ஆழியாறு ரோட்டில் என் இடது கை
ஸ்டியரிங் பக்கம் கியரைத் தேடித் தேடிக்
காற்றைப் பிடித்தது.
செக்போஸ்ட் தாண்டி முதல் வளைவு.
கேட்காமலே ஏறியது.
இந்த வழி அதற்குத் தெரியும்.
எந்த வளைவில் விழுந்ததென்று
ஜாபர் சொல்லவில்லை,
நானும் கேட்டிருக்கவில்லை.

ஒன்பதாவது வளைவில் நிறுத்தி
அணையைப் பார்த்தேன்.
அப்போதுதான் உறைத்தது:
ஏற்றி வந்தது அது.
இறக்க வேண்டியது
அறுபத்தெட்டு மாடல் டிரம் பிரேக்கும்
என் வலது காலும்.

ஆறாவது வளைவில் கருகல் வாசம்.
மிதித்தால் பெடல் பஞ்சாய்ப் போனது.
எதிரே பஸ்ஸின் ஹாரன்.
இரண்டாவது கியருக்குத் தள்ளிவிட்டேன்.
வந்து இரண்டே நாளான எஞ்சின்
முனகிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு,
தனக்கு யாரென்றே தெரியாத ஒரு வண்டியை
இடுப்பைப் பிடித்து நிறுத்துவதுபோல்
மெல்ல, மெல்ல இறக்கியது.

அடிவாரத்தில் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு
குப்புராஜை அழைத்தேன்.
டிஸ்க் பிரேக் எதிலிருந்து எடுக்கலாம்?

சிரித்தான்.
"ஒறம்பரைன்னா
ஒருத்தரோடவா நிக்குமுங்க்கா?"

நாலு சக்கரமும் புகைந்துகொண்டிருந்தன.
ஒரு குரங்கு வந்து
பானெட் மேல் ஏறி உட்கார்ந்தது,
சூடு தாங்காமல்
இறங்கிப் போனது.