இரண்டு கண்ணிகள்

வியன்னா. தொலைபேசி இணைப்பகத்தின் மூன்றாம் மாடி.
பதினெட்டுப் பெண்களின் முதுகும் நேராக இருந்ததற்கு
ஒழுக்கம் காரணமல்ல,
கோர்செட்டில் தைத்த திமிங்கில எலும்பு.

காலை ஆறரைக்கு என் தங்கை
முழங்காலை என் முதுகில் ஊன்றிக் கயிற்றை இழுப்பாள்.
மூச்சை விடு, இன்னும் விடு என்பாள்.
விட்ட மூச்சு
இரவு பத்து மணிக்குத்தான் வீடு திரும்பும்.

மதியம் அரைக் கிண்ணம் சூப்.
அதற்குமேல் உள்ளே இடமில்லை.
வாரம் ஒருத்தியாவது மயங்கி விழுவோம்,
மேற்பார்வையாளர் நவச்சாரக் குப்பியோடு வருவார்.
முறைவைத்து விழுந்ததால்
யாரும் அதை நோயென்று எழுதிக்கொள்ளவில்லை.

அந்தத் திங்கட்கிழமை வால்பூர்கா
ஒரு சாக்கை உடுத்தி வந்தாள்.
சாக்கு என்று முதலில் சொன்னவள் நான்தான்.
சாம்பல்நீலக் கம்பளி,
தோளில் தொடங்கிக் கணுக்கால்வரை
எங்கும் நிற்காமல் இறங்கியது.
இடுப்பைத் தேடிய கண்களுக்கு
அந்தத் துணி பதில் சொல்லவில்லை.
முழுகாமல் இருக்கிறாளோ என்றாள் ஒருத்தி.

"எந்த எண் வேண்டும்?"

திரும்பிப் பார்த்தேன்.
அவள் வாய்தான் அசைந்தது.
குரலோ நாற்காலிக்கு அடியிலிருந்து
ஏறி வந்ததுபோல் கனத்திருந்தது.

ஏழு வருடமாகத் தினமும் அழைக்கும் மாவு வியாபாரி
பழைய பெண்ணைக் கூப்பிடு என்றாராம்.
பழையவள்தான் ஐயா.
இல்லையம்மா, அவள் கீச்சுக்குரல்,
வாக்கியத்தின் நடுவில் நின்று மூச்சு வாங்குவாள்.
வால்பூர்கா சிரித்தாள்.
வயிறு குலுங்கியது.
இந்த மாடியில் ஒரு வயிறு குலுங்கி
நான் பார்த்ததேயில்லை.

கைகழுவும் அறையில் பொத்தானை விலக்கி
விலாவைக் காட்டினாள்.
கட்டு அவிழ்த்து மூன்று நாளாகியும்
ஈரமணலில் படகுக்கயிறு கிடந்த தடம்.
தொட்டுப் பார் என்றாள்.
தொடவில்லை.
என் விலா வலித்தது.

சாக்கு வாங்க என்னிடம் காசில்லை,
காசிருந்தாலும் தைரியமில்லை.
மறுநாள் காலை
கீழிருந்து இரண்டு கண்ணிகளை மட்டும்
கோக்காமல் விடச் சொன்னேன்.

கயிறு மிச்சம் தொங்குகிறதே, அக்கா.

தொங்கட்டும் என்றேன்.

பேசியது யார் என்று பார்ப்பவள்போல்
தங்கை நிமிர்ந்தாள்.